கேட்பதற்கு ஓர் ஆள்

மகன்,

நீ கொழும்புக்குப் போன பிறகு உன் அறையில் உன் அம்மா கொடி கட்டித் துணி காயப் போடுகிறாள். கட்டுகஸ்தோட்டையில் மழை விட்டபாடில்லை, வெளியே போட்டால் எதுவும் காய்வதில்லை என்கிறாள். எனக்கென்னவோ, அந்த அறை சும்மா கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் படுகிறது. நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்காமலே விட்டவை நிறைய. அதில் கொஞ்சத்தையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, தெம்புதான் இல்லை. மெதுவாகத்தான் எழுதுவேன். நீயும் மெதுவாகவே வாசி.

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சிங்களம் தெரியாத நம் ஆட்கள் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், நீதவான் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி, குடித்துவிட்டு மனைவியை அடித்தவனுக்காகவும் 'நான்' என்றேன், அடிபட்டு வந்தவளுக்காகவும் 'நான்' என்றேன். அழுது சொன்னாலும் கத்திச் சொன்னாலும் என் வாயிலிருந்து ஒரே குரலில்தான் வெளியே வரும். சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு என் கடமை முடிந்தது. வீட்டுக்கு வந்தால் பேசவே தோன்றாது. நீ சின்னவனாக இருந்தபோது, அப்பா ஏன் கோபமாக இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்பாயாம். கோபம் இல்லை, மகன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசலாம் என்று ஒருவனுக்கு ஓர் அளவு இருந்தால், என் அளவு மத்தியானத்தோடே தீர்ந்துவிடும்.

அதனால்தான் உனக்கு பேங்கில் வேலை கிடைத்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்கிற வேலை. அடுத்தவர் கஷ்டம் கண்ணாடியைத் தாண்டி வராது என்று நினைத்தேன். உன்னை அடகுப் பிரிவில் போட்டார்கள். விலைவாசி தலைக்கு மேல் போயிருந்த காலம். ஒரு நாள் நீ வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாய். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார், கையில் நகை எதுவும் இல்லை, நீ கேட்டபோது பிள்ளையைத் திருப்பி நிறுத்தி அதன் காதிலிருந்து தோட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்று. நீ அதை எடை பார்த்தாய். அதுதான் உன் வேலை. "அந்தப் புள்ள அழவே இல்லப்பா, காதத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு" என்றாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. உன் சனிக்கிழமைகள் அதற்குப் பிறகுதான் மாறின. நண்பர்களோடு தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினாய். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பேசுவதாகவும், வெளிநாடு போன தாய்மாரின் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னாய். பொழுதுபோக்கு, போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்.

"அப்பா, எனக்கு எடம் கெடச்சிருக்கு. சமூகப் பணியில முதுமாணி. கொழும்புல."

"பேங்க்ல லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. முழுநேரப் படிப்பு. வேலைய விடணும்."

உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். "அப்ப காணி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிலிமத்தலாவையில் பிரதான வீதிக்குப் பின்னால் பார்த்து வைத்திருந்த காணி. பேங்க் ஊழியர்களுக்குக் குறைந்த வட்டியில் கொடுக்கும் வீட்டுக் கடனை நம்பித்தான் அதற்கு வாய்வார்த்தை கொடுத்திருந்தோம். கலியாணமான நாள் முதல் வாடகை வீட்டிலேயே இருந்தவள், அங்கே சாமி அறை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டிருந்தாள். நீ வேலையை விட்டால் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் வீடு இல்லை. அதை உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, கடன் பத்திரம் எழுதுகிற இடத்திலேயே இருப்பவன் நீ.

நான் அப்போது சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும். "ஊர்ல உள்ள கஷ்டத்தை எல்லாம் பார்த்து அழுறதுக்கு ஒரு பட்டம் வேணுமா?" என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நின்றபடியே பதில் சொன்னாய்.

"நான் அந்த வீடுகளுக்கு ஒண்ணும் தெரியாமத்தான் போறேன்ப்பா. போன வாரம் ஒரு புள்ளையோட அப்பாகிட்ட ஏதோ சொன்னேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவரு அந்தப் புள்ளய அடிச்சிருக்காரு. நான் பேசினதாலதான் அடிச்சாரு. தெரியாம செஞ்சு யாருக்காச்சும் கெடுதல் ஆயிருமோன்னு பயமா இருக்கு."

நான் கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். உன் மேல் கோபப்பட்டு எழுந்ததாக நீ நினைத்திருப்பாய். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார், அதனால்தான் எழுந்தேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும்.

மல்லிகா மிஸ் எங்கள் கோர்ட்டுக்கு வரும் நன்னடத்தை உத்தியோகத்தர். பெற்றோர் இல்லாத பிள்ளைகள், கைவிடப்பட்ட பிள்ளைகள் வழக்குக்கு வந்தால், வீட்டைப் போய்ப் பார்த்து, பிள்ளையை எங்கே விடலாம் என்று நீதவானுக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. சிங்களவர், தமிழ் தெரியாது. அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் வந்தால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தடவை அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகளைப் பொலிஸ் கொண்டுவந்து நிறுத்தியது. பெயரை எழுத மாட்டேன், கோர்ட் பழக்கம் இன்னும் போகவில்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். தகப்பன் வேறொருத்தியோடு போய்விட்டான். லயத்தில் பக்கத்து வீட்டார் சோறு போட்டு வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், தம்பி அவள் சட்டையைப் பிடித்தபடி நின்றான். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது: "என்னையும் தம்பியையும் பிரிச்சிராதீங்க ஐயா. எந்த எடமா இருந்தாலும் பரவாயில்ல, ஒரே எடத்துல போடுங்க." நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன், என் ஒரே குரலில். நீதவான் நல்ல மனிதர்தான். ஆனால் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்று, ஆண் பிள்ளைகள் இல்லம் வேறொன்று. அவர் என்ன செய்வார்.

மல்லிகா மிஸ் எழுந்து தவணை கேட்டார். அந்தத் தவணைக்குள் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைகளின் பெரியம்மா இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். பஸ் போகாத பாதையில் ஏறி இறங்கி, மொழி தெரியாமல் சைகையிலும், தோட்டத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் உதவியிலுமாகப் பேசி, பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்தார். நீதவான் இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே விட உத்தரவு கொடுத்தார். அன்றைக்கு மல்லிகா மிஸ் என் மேசைக்கு வந்து, "முதலியார் மஹத்தயா, இன்றைக்கு ஒரு நல்ல வேலை செய்தோம்" என்றார். நான் செய்தது ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு கேக் வாங்கி வந்தேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றேன்.

மறு வருஷமே அந்தப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பெரியம்மாவின் புருஷன் விழுந்து இடுப்பு போய்விட்டதாம், வருமானம் நின்றுவிட்டது. பெரியம்மா அந்தப் பெண்பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள். மல்லிகா மிஸ் பார்க்கப் போன போதெல்லாம் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் வந்து பள்ளியில் விசாரித்து, பொலிஸோடு போய் அவர்தான் கூட்டிவந்தார். இனி வேறு வழி இல்லை. அக்கா ஓர் இல்லத்துக்கும் தம்பி வேறோர் இல்லத்துக்கும் போக வேண்டும் என்று உத்தரவானது. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் மறுபடியும் கேட்டார். அந்தப் பிள்ளை நீதவானைப் பார்க்காமல் மல்லிகா மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னது: "ஒரு வருஷமாச்சும் நாங்க ஒண்ணா இருந்தோம்." நான் அதையும் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் குறையவில்லை, கூடவுமில்லை. மல்லிகா மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். சுகமில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஓய்வூதியம் கிடைக்கும் வயதுகூட ஆகவில்லை. எல்லாம் சரியாகச் செய்த ஒருவருக்கே இதுதான் முடிவு என்றால், தெரியாமல் போய்ச் செய்கிற என் மகனுக்கு என்ன ஆகும்? அன்றைக்கு நான் கதிரையை விட்டு எழுந்தது அதை நினைத்துத்தான்.

அந்த வாரமே நான் மல்லிகா மிஸ்ஸைத் தேடிப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. கடுகண்ணாவையில் தம்பியின் ஃபோட்டோகொப்பிக் கடையில் இருக்கிறார் என்று பழைய கோர்ட் சிநேகிதர் ஒருவர் சொன்னார். பஸ் பிலிமத்தலாவையைக் கடக்கும்போது காணி இருக்கும் பக்கம் பார்க்காமல் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். கடை சின்னது. தலைமுடி எல்லாம் நரைத்து, யாருடைய அடையாள அட்டைக்கோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முதலியார் மஹத்தயா" என்றார். உள்ளே ஸ்டூல் போட்டு, பிளேன் டீ வரவழைத்தார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன், கை தானாகவே அப்படித்தான் எழுதுகிறது.

"என் மகன் பேங்க் வேலையை விட்டுவிட்டு சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்கிறான் மிஸ்."

"நான் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதற்குத்தானே வந்தீர்கள்?"

"என்ன சொல்வீர்கள் என்று கேட்க வந்தேன்."

பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்கு ஓர் ஆள் வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு, மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றபடி கேட்டார். "முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்பிள்ளை, தம்பியோடு வந்தவள். கடைசி நாளில் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாளே. அதை எப்படிச் சொன்னாள்? நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சொல்வீர்கள். எனக்குத் தமிழ் தெரியாது. குத்திக் காட்டினாளா, வேறு ஏதாவதா? நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை."

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, மகன். அவர் கேட்டவுடன் எனக்கு அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது. வேலையில் இருந்தவரை நான் யாருடைய குரலையும் எடுத்துச் சொன்னதில்லை. அந்த ஃபோட்டோகொப்பிக் கடையில்தான் முதல் தடவையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை சொன்ன மாதிரியே, தமிழில், மெதுவாக: "ஒரு வருஷமாச்சும் நாங்க ஒண்ணா இருந்தோம்." பிறகு அவருக்கு விளக்கினேன். முதல் நாள் அழுத பிள்ளை அன்றைக்கு அழவில்லை. செத்த வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்களே, அந்தக் குரல். "உங்களைத் தேற்றத்தான் சொன்னாள் மிஸ். அவளுக்கு உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நான் சத்தியம் செய்துவிட்டு வேலை பார்த்தவன்."

வாசலுக்கு வெளியே மேட்டுப் பாதையில் லொறிகள் ஏறிக்கொண்டிருந்தன. மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தாய் திரும்பி வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. அதற்கு மேல் விசாரிக்கப் பயந்துவிட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. யாரிடம் கேட்பேன்? மேலே அறிக்கை கொடுப்பேன், அறிக்கையில் இதற்கு இடமில்லை. வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். நான் படித்தது வணிகம். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். நல்ல மனதோடு போனேன். நல்ல மனது பாதி வழிக்குத்தான் கூட வரும்."

"படித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா?"

"பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பெரியம்மாவின் குடும்பம் எதில் வாழ்கிறது என்று முதலிலேயே இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேனோ என்னவோ. என் தங்கையின் மகள் அந்தப் படிப்பைப் படித்தாள். படிக்கும்போதே வெளியே வேலைக்கு அனுப்புவார்கள், வாரத்துக்கு ஒரு தடவை ஆசிரியையிடம் போய் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொல்லவேண்டும். பிழை விட்டதையும் சொல்லவேண்டும். எனக்கு அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால், நான் இன்றைக்குக் கொப்பி எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். வேறொன்றும் சொல்கிறேன். சம்பளம் பேங்க் அளவுக்கு வராது. பட்டம் முடித்தும் வேலைக்கு அலைய வேண்டிவரும். உங்கள் வீட்டுக்காரி வருத்தப்படுவாள், அது நியாயம். மகன் இப்போதே அந்த வீடுகளுக்குப் போகிறானா?"

"சனிக்கிழமைகளில் போகிறான்."

"அப்படியென்றால் இதற்காக அவன் மனது செய்கிற செலவு ஏற்கனவே தொடங்கிவிட்டது, மஹத்தயா. படிக்காமல் போனால் அது குறையாது. கூடத்தான் செய்யும்."

நான் வீட்டுக்கு வந்தபோது நீ வேலையால் வந்து முன் அறையில் இருந்தாய். எங்கே போனீர்கள் என்று கேட்டாய். கடுகண்ணாவைக்கு என்றேன். "பேங்க்ல கடிதம் குடுத்துட்டியா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாய். "குடு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். விளக்கம் எதிர்பார்த்தாய் என்று தெரியும். அதற்குரிய தெம்பு அன்றைக்கு என்னிடம் இல்லை. இவ்வளவு நீளமாக எழுதவேண்டி வந்ததே அதனால்தான்.

உன் அம்மா எங்கள் இரண்டு பேரோடும் சில நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் சேலை மாற்றிக்கொண்டு, "காணிக்காரருக்கு நானே போய்ச் சொல்றேன், நீங்க யாரும் வர வேணாம்" என்று கிளம்பினாள். திரும்பி வந்து, "அவரு வேற ஆளுக்குக் குடுத்துர்றாராம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நான் அவன் மேல கோவமா இல்லங்க. களைப்பாத்தான் இருக்கு" என்றாள். அதை உன்னிடம் அவள் சொல்ல மாட்டாள், ஆகவே நான் சொல்கிறேன். இந்தப் படிப்புக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் கட்டிப்போட இதைச் சொல்லவில்லை. தெரியாமல் வாங்குவதைவிடத் தெரிந்து வாங்குவது நல்லது. அது பெறுமதியானதா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. உன் படிப்பு இரண்டு வருஷமும் முடிந்தாலும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மல்லிகா மிஸ்ஸுக்கு இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ஒரு வசனத்துக்கு மட்டும்தான் பதில் கிடைத்தது.

போன ஞாயிறு நீ போன் எடுத்தாய். குரலே சரியில்லை. என்ன மகன் என்றேன். ஒன்றுமில்லை என்றாய். பிறகு நீயாகவே சொன்னாய்.

"பயிற்சிக்கு ஆஸ்பத்திரி வார்டுல விட்டிருக்காங்கப்பா. பதுளைப் பக்கத்து ஆளு ஒருத்தரு. சிங்களம் தெரியாது, கூட யாரும் இல்ல. கால எடுக்கணும்னு டொக்டர் சொன்னத நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டி வந்துச்சு. சரியா சொன்னேனான்னு தெரியல. அவரு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"ஒங்க மேடம்கிட்ட இந்த வாரம் எப்ப பேசணும்?"

"செவ்வாக்கெழம."

"அவங்ககிட்ட முழுசா சொல்லு. எந்தக் குரல்ல சொன்னியோ அந்தக் குரல்லயே சொல்லிக் காட்டு" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "இப்ப எனக்கும் சொல்லிக் காட்டு" என்றேன்.

நீ சொன்னாய். பஸ்ஸுக்காக நின்ற தெருவின் சத்தத்துக்கு நடுவே, அந்த மனிதருக்குச் சொன்ன மாதிரியே எனக்குச் சொன்னாய். துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மா கையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நீ சொல்லி முடிப்பதற்கும் உன் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது, நீ அவசரமாக வைத்துவிட்டாய். நான் சொல்ல வைத்திருந்த பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

நல்லாத்தான் சொல்லியிருக்கே, மகன். அவசரப்படல, எதையும் மறைக்கல. கடைசியில மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம். அவரு உன்கிட்ட ஏதோ கேக்கத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாரு.